‘அசெர்ஷன் பெயில்டு’: அந்தப் பெட்டி என்ன சொல்ல வருகிறது?

சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம். இரவு பத்து மணிக்குப் பெரியப்பாவிடம் இருந்து போன். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அறுபத்தெட்டாவது வயதில்தான் முதல் முறையாகச் சொந்தக் கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய நாளில் இருந்து அதில் அவர் செய்து வந்த வேலை ஒன்றுதான். மூன்று நீள நோட்டுகளில் எழுதி வைத்திருந்த எங்கள் குடும்பத்து வம்சாவளியை, இலவசமாகக் கிடைத்த ஒரு குடும்ப மரம் புரோகிராமில் ஏற்றிக் கொண்டிருந்தார்.

"தம்பி, கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு போலிருக்கு. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்" என்றார். குரலில் பயம் தெரிந்தது.

"திரையில என்ன வந்திருக்கு பெரியப்பா?"

ஆசிரியர் அல்லவா! வந்த பெட்டியில் இருந்ததை எல்லாம் ஓர் எழுத்து விடாமல் நோட்டில் எழுதி வைத்திருந்தார். தமிழில் சொன்னால் அது இப்படி இருந்தது:

அசெர்ஷன் பெயில்டு!
பைல்: டிரீ.சிபிபி
லைன்: 214
எக்ஸ்பிரஷன்: !ஈஸ்ஆன்செஸ்டர்(பெர்சன், பாதர்)

கீழே மூன்று பட்டன்கள்: அபார்ட், ரீட்ரை, இக்னோர். பெரியப்பா இக்னோரை அழுத்தியிருக்கிறார். பெட்டி மறுபடியும் வந்திருக்கிறது. நான்கு முறை அழுத்தி, பிறகு பைலை சேவ் செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மரத்தைப் பார்த்திருக்கிறார். அவருடைய தாத்தாவின் கிளையே அதில் இல்லை. 61 பெயர்கள் காணாமல் போயிருந்தன.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உங்களுக்கும் இந்தப் பெட்டி ஒருநாள் வரலாம். அது எங்கிருந்து வருகிறது, அதில் உள்ள லைன் நம்பரை யார் போடுகிறார்கள், அது வந்தால் எதை அழுத்த வேண்டும், எதை அழுத்தக் கூடாது என்பதை ஆறு வருடமாக சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். நடுவில் நான் செய்த ஒரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அச்சகத்துக் காரரைப் போல ஒரு புரோகிராம்

சி, சி பிளஸ் பிளஸ் ஆகிய மொழிகளில் எழுதும் புரோகிராமை, கம்ப்யூட்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றுவது கம்பைலர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கம்பைலர் வேலையை ஆரம்பிக்கும் முன்பு ‘பிரீபிராசஸர்’ என்ற ஒன்று அந்த எழுத்துகளை வாசித்து, சில மாற்றங்கள் செய்து கொடுக்கிறது. 

திருமணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அங்கே வாசகம் தயாராக இருக்கும். மணமகன் பெயர், மணமகள் பெயர், மண்டபம் ஆகிய இடங்கள் மட்டும் காலியாக இருக்கும். நாம் சொல்வதை அங்கே பொருத்துவார்கள். மாப்பிள்ளை யார், பெண் யார் என்று அச்சகத்துக் காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. பிரீபிராசஸரும் அப்படித்தான். ‘இந்தச் சொல் வந்தால் அந்த இடத்தில் இந்த வாசகத்தை வை’ என்று முன்பே சொல்லி வைப்போம். அப்படிச் சொல்லி வைத்த வாசகத்துக்கு ‘மேக்ரோ’ என்று பெயர். # குறியில் ஆரம்பிக்கும் வரிகள் எல்லாம் பிரீபிராசஸருக்கான கட்டளைகள். பொருள் புரிந்து செய்வது அதன் வேலை அல்ல. எழுத்தை எடுத்து எழுத்தை வைப்பதுதான் வேலை.

அமெரிக்காவில் பெல் லேப்ஸ் நிறுவனத்தில் சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி, 1972-73 வாக்கில் அதில் பிரீபிராசஸரைச் சேர்த்தார். ஆரம்பத்தில் வேறொரு பைலை உள்ளே கொண்டு வருவது, ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றை வைப்பது ஆகிய இரண்டு வேலைகளைத்தான் அது செய்தது. காலியிடங்கள் வைத்த மேக்ரோக்களும், ‘இது இருந்தால் இந்தப் பகுதியைச் சேர், இல்லாவிட்டால் விட்டுவிடு’ என்ற வசதியும் சற்றுப் பின்னால் வந்தன. இந்தக் கடைசி வசதியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். என் தவறு அங்கேதான் இருக்கிறது.

அசெர்ட் என்ற சாட்சி

புரோகிராம் எழுதும்போது ‘இந்த இடத்துக்கு வரும்போது இது கண்டிப்பாக இப்படித்தான் இருக்கும்’ என்று நாங்கள் நம்பிக்கொண்டு எழுதும் இடங்கள் நிறைய உண்டு. அந்த நம்பிக்கையை மனதுக்குள் வைத்துக் கொள்ளாமல் புரோகிராமிலேயே எழுதி வைப்பதுதான் அசெர்ஷன். 

இந்த யோசனை சி மொழியைவிடப் பழையது. 1949 ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு மாநாட்டில் ஆலன் டூரிங் இதைப் பற்றிப் பேசினார். பெரிய புரோகிராமைச் சரிபார்ப்பவருக்கு வேலை எளிதாக வேண்டும் என்றால், எழுதியவர் இடையிடையே உறுதியான கூற்றுகளை எழுதி வைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. கூட்டல் கணக்கில் ‘கையில் 2’ என்று ஓரத்தில் எழுதி வைத்தால் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகச் சரிபார்க்கலாம் அல்லவா? அதைத்தான் அவரும் உதாரணம் காட்டினார்.

சி மொழியில் இதற்கு ‘அசெர்ட்’ என்று ஒரு மேக்ரோ இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் ஒரு நிபந்தனையை எழுதினால் போதும். நிபந்தனை உண்மையானால் ஒன்றும் நடக்காது. பொய்யானால் பெட்டியைக் காட்டிப் புரோகிராமை நிறுத்தும். 

இதை ஏன் மேக்ரோவாகச் செய்ய வேண்டும், சாதாரண பங்ஷனாக எழுதக் கூடாதா? பங்ஷனுக்குப் போய்ச் சேர்வது ‘உண்மை’ அல்லது ‘பொய்’ என்ற விடை மட்டும்தான். கேள்வி என்ன, அது எந்தப் பைலில் எத்தனையாவது வரியில் கேட்கப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. மேக்ரோ நீங்கள் எழுதிய இடத்திலேயே விரிகிறது. அதனால் மூன்று விஷயங்களை அங்கேயே பிடித்துக் கொள்கிறது. ‘__பைல்__’ என்ற சொல்லுக்குப் பதில் பைலின் பெயரையும், ‘__லைன்__’ என்ற சொல்லுக்குப் பதில் வரியின் எண்ணையும் பிரீபிராசஸர் வைக்கிறது. மூன்றாவது # குறி. மேக்ரோவுக்குள் ஒரு காலியிடத்தின் முன் இதைப் போட்டால், அங்கே வரும் எழுத்துகள் அப்படியே மேற்கோள் குறிக்குள் போய்விடும். பெரியப்பாவின் பெட்டியில் ‘எக்ஸ்பிரஷன்’ என்ற இடத்தில் நிபந்தனை அப்படியே தெரிந்தது இதனால்தான்.

அந்த நிபந்தனையின் பொருள் இதுதான்: ‘இந்த ஆள் தன் தகப்பனாருக்கே முன்னோராக இருக்கக் கூடாது.’ நியாயமான நிபந்தனை! அப்படியானால் எங்கள் குடும்பத்தில் அது எப்படிப் பொய்யானது? 

நம் ஊரில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்போம். பெரியப்பாவின் தாத்தா சுப்பையா. தாத்தாவின் மகன் வேலாயுதம். வேலாயுதத்தின் மகன் மறுபடியும் சுப்பையா. அந்தப் புரோகிராம் ஆட்களைப் பெயரை வைத்துத் தேடியது. பெரியப்பா பேரன் சுப்பையாவுக்குத் தகப்பனார் வேலாயுதம் என்று போட்டதும், ஏற்கெனவே இருந்த தாத்தா சுப்பையாவைத் தேடிப் பிடித்து, அவருக்கு வேலாயுதத்தைத் தகப்பனாராக்கப் பார்த்தது. 214-ஆவது வரியில் இருந்த அசெர்ட் அதைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து நிறுத்தியது. 

பெரியப்பா இக்னோரை அழுத்தியதும் கை விடுபட்டது. தாத்தாவுக்கு மகனே தகப்பனார் ஆனார். ‘தகப்பனார் பெயர் இல்லாதவரில் இருந்து ஆரம்பித்துக் கீழே வரைந்துகொண்டு போ’ என்பது அந்தப் புரோகிராமின் வழக்கம். அந்தக் கிளையில் இப்போது தகப்பனார் இல்லாதவர் யாருமே இல்லை. அதனால் கிளையை வரையவும் இல்லை, பைலில் எழுதவும் இல்லை.

பீஸ் கட்டை பாடம்

வீட்டில் பீஸ் போனால் நாம் பீஸ் கட்டையைத் திட்டுவதில்லை. எங்கேயோ கோளாறு, பீஸ் அதைக் காட்டிக் கொடுத்திருக்கிறது என்று தெரியும். ஆனால் அவசரத்தில் சிலர் பீஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவார்கள். விளக்கு எரியும். பிறகு சுவருக்குள் ஒயரும் எரியும். 

இக்னோர் பட்டன் என்பது அந்தத் தடித்த கம்பி. ‘இது தப்பாக இருந்தாலும் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு மேலே போ’ என்று அதற்கு அர்த்தம். ரீட்ரை என்பதும் பெயரைப் போல ‘மறுபடி முயற்சி செய்’ என்பது அல்ல. புரோகிராம் எழுதுபவர் தன் கம்ப்யூட்டரில் பிழை தேடும் கருவியைத் திறப்பதற்கான பட்டன் அது. அந்தக் கருவி இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை அழுத்தினால் புரோகிராம் மூடிக் கொள்ளும். அபார்ட் என்பது புரோகிராமை அங்கேயே நிறுத்துவது. கடைசியாக சேவ் செய்ததற்குப் பின் செய்த வேலை போய்விடும். ஆனால் ஏற்கெனவே சேவ் செய்த பைலின் மேல் தப்பான விவரம் எழுதப்படாது.

நான் செய்த தவறு

சாட்சி சொல்வதற்கும் நேரம் பிடிக்கும். ஒரு வேலையை லட்சம் முறை செய்தால் லட்சம் முறையும் சோதனை நடக்கும். அதனால் சி மொழியில் ஒரு வசதி வைத்தார்கள். ‘என்டிபக்’ என்ற சொல்லை முன்பே வரையறுத்துவிட்டால், அசெர்ட் மேக்ரோ ஒன்றும் செய்யாத வெறும் வாசகமாக மாறிவிடும். அடைப்புக்குறிக்குள் இருந்ததும் சேர்ந்து மறைந்துவிடும். பரிசோதனைப் பதிப்பில் அசெர்ட் இருக்கும். விற்பனைக்குப் போகும் பதிப்பில் பல நிறுவனங்கள் அதை எடுத்துவிடும். 

கல்லூரி முடித்து முதல் வேலையில் சேர்ந்த வருடம். கடைகளுக்கான ஒரு கணக்கு சாப்ட்வேரில் பேக்கப் எடுக்கும் பகுதியை என்னிடம் கொடுத்தார்கள். பைலைப் பென்டிரைவுக்கு நகல் எடுக்கும் பங்ஷன் வேலையை முடித்ததும் 1 என்று விடை தரும். நான் இப்படி எழுதினேன்:

அசெர்ட்(காப்பிபைல்() == 1)

கச்சிதமாக ஒரே வரியில் முடித்துவிட்டதாக எனக்குப் பெருமை. என் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடியது. விற்பனைப் பதிப்பில் அசெர்ட் மறைந்தது. அதோடு அடைப்புக்குறிக்குள் இருந்த நகல் எடுக்கும் வேலையும் மறைந்தது. அடுத்த வரி மட்டும் மிச்சம் இருந்தது. அது திரையில் ‘பேக்கப் முடிந்தது’ என்று காட்டும் வரி. 

ஏழு வாரம் கழித்து ஒரு மளிகைக் கடைக்காரரின் ஹார்டு டிஸ்க் போனது. பென்டிரைவைத் திறந்தால் தேதி போட்ட போல்டர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் காலி. கடன் கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. அவர் பழைய பில்களையும், வாடிக்கையாளர்கள் வீட்டில் வைத்திருந்த சிட்டை நோட்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்து திரும்ப எழுதினார். வராமல் போன பாக்கியும் உண்டு. என்னைத் திட்டவில்லை. "பேக்கப் முடிந்ததுன்னு நீங்கதானே தம்பி போட்டிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். 

அன்று கற்றது இன்றுவரை என் மேஜைமேல் எழுதி ஒட்டியிருக்கிறது: சாட்சி பார்க்க மட்டும் வேண்டும், வேலை செய்யக் கூடாது. வேலையை முதலில் தனி வரியில் செய்து, விடையை வாங்கி வைத்துக்கொண்டு, அந்த விடையை மட்டும் சோதிக்க வேண்டும். அதிலும் பென்டிரைவில் இடம் இல்லாமல் போவது, பைல் திறக்காமல் போவது போல நிஜமாகவே நடக்கக் கூடியவற்றுக்கு அசெர்ட்டே கூடாது. பயன்படுத்துபவருக்குப் புரியும்படி சொல்லும் சாதாரண எர்ரர் மெசேஜ்தான் வேண்டும். ‘நான் தப்பாக எழுதியிருந்தால் ஒழிய இது நடக்காது’ என்பவற்றுக்குத்தான் அசெர்ட்.

ஒரே வகுப்பில் இரண்டு குமார்

மேக்ரோக்களின் இன்னொரு பெரிய வேலை பெயர் வைப்பது. எல்லாவற்றையும் நாங்களே எழுதுவதில்லை. படத்தைத் திறக்க ஒன்று, பைலைச் சுருக்க ஒன்று என்று மற்றவர்கள் எழுதித் தயாராக வைத்திருக்கும் லைப்ரரிகளைச் சேர்த்துக் கொள்வோம். உங்கள் கம்ப்யூட்டரில் டி.எல்.எல். என்று முடியும் பைல்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல இந்த லைப்ரரிகள்தான். 

தனித்தனியே எழுதிய இரண்டு லைப்ரரிகளில் ஒரே பெயரில் பங்ஷன் இருந்தால்? வகுப்பில் இரண்டு குமார் இருந்தால் என்ன செய்வோம்? எஸ்.குமார், ஆர்.குமார் என்று இனிஷியல் சேர்ப்போம். லைப்ரரிகளிலும் அதே வழிதான். 

இசட்லிப் என்ற லைப்ரரியைப் பாருங்கள். ழான்-லூப் கெய்லி, மார்க் ஆட்லர் இருவரும் எழுதி 1995-இல் வெளியிட்டார்கள். பி.என்.ஜி. படங்களைத் திறக்கும் புரோகிராம்கள் பலவற்றுக்குள் இது இருக்கிறது. அதில் ‘கம்ப்ரஸ்’ என்று ஒரு பங்ஷன். யாரும் எளிதில் வைக்கக் கூடிய பெயர்! மோதல் வந்தால் என்ன செய்வது? ‘இசட்_பிரீபிக்ஸ்’ என்ற ஒரு சொல்லை வரையறுத்தால் போதும். மேக்ரோக்கள் அந்த லைப்ரரியின் பெயர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ‘இசட்_’ என்ற இனிஷியலைப் போட்டுவிடும். கம்ப்ரஸ், இசட்_கம்ப்ரஸ் ஆகிவிடும்.

ஒரு காலத்தில் நீளமான பெயர் வைப்பதே சிரமமாக இருந்தது. 1989-ஆம் ஆண்டு சி மொழித் தரம், வெவ்வேறு பைல்களை இணைக்கும் பெயர்களில் முதல் 6 எழுத்துகளுக்கு மட்டும்தான் உத்தரவாதம் கொடுத்தது. 1999-இல்தான் அது 31 ஆனது. ஜேபெக் படங்களுக்கான பழைய லைப்ரரியில், நீளமான பெயர்களைச் சுருக்கமான பெயர்களாக மாற்றும் மேக்ரோப் பட்டியல் இருப்பது இதனால்தான்.

மேக்ரோவே மோதலை உண்டாக்குவதும் உண்டு. விண்டோஸுக்கான தலைப்புப் பைலில் ‘மின்’, ‘மேக்ஸ்’ என்று இரண்டு மேக்ரோக்கள் இருக்கின்றன. சி பிளஸ் பிளஸ் மொழியிலும் அதே பெயரில் பங்ஷன்கள் இருக்கின்றன. பிரீபிராசஸருக்குத்தான் பொருள் தெரியாதே! எங்கே பார்த்தாலும் மாற்றி வைத்து எங்களைத் திணறடிக்கும். ‘நோமின்மேக்ஸ்’ என்று முதலில் எழுதி அவற்றை நிறுத்துவோம்.

கவர்மேல் எழுதிய பெயர்

இனிஷியல் சேர்ப்பது மட்டுமல்ல, புதிதாகப் பெயர் உண்டாக்கவும் மேக்ரோவால் முடியும். அதற்கு ## என்ற இரட்டைக் குறி. இரண்டு பக்கமும் உள்ள எழுத்துகளை ஒட்டி ஒரே சொல்லாக்கும் பசை இது. # குறியும் இந்தப் பசையும் 1989 தரத்தில் முறையாக இடம்பெற்றன. வரி எண்ணோடு ஒட்டினால் 40-ஆவது வரியில் ‘பெயர்40’, 41-ஆவது வரியில் ‘பெயர்41’ என்று கிடைக்கும். யாரும் யோசித்துப் பெயர் வைக்க வேண்டியதில்லை.

இதில் புதியவர்கள் எல்லாரும் ஒருமுறை விழும் குழி உண்டு. கல்யாணப் பத்திரிகைக் கவர்கள் மேல் ‘அழைப்பவர் பெயரை எழுது’ என்று ஒரு சின்னப் பையனிடம் சொன்னால், எல்லாக் கவரிலும் ‘அழைப்பவர் பெயர்’ என்றே எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? பசையும் அதைத்தான் செய்கிறது. ஒட்டப் போகும் சொல்லை அது முதலில் மாற்றுவதில்லை. அதனால் ‘பெயர்40’ என்று வராமல், ‘பெயர்__லைன்__’ என்றே எல்லா வரியிலும் வரும். இதற்கு மருந்து, வேலையை இரண்டு மேக்ரோக்களாகப் பிரிப்பது. முதல் மேக்ரோ சொல்லுக்குப் பதில் எண்ணை வைத்து இரண்டாவதுக்குக் கொடுக்கும், இரண்டாவது ஒட்டும். சி பிளஸ் பிளஸ்ஸில் புகழ்பெற்ற பூஸ்ட் லைப்ரரிகளில் ‘பூஸ்ட்_ஜாயின்’ என்ற மேக்ரோ இதே வேலையை மூன்று படியாகச் செய்கிறது.

வரி எண்ணும் முழுத் தீர்வு அல்ல. இரண்டு வேறு பைல்களில் 40-ஆவது வரி இருக்குமே! அதற்காக மைக்ரோசாப்ட் கம்பைலரில் ‘__கவுண்டர்__’ என்ற சொல் வந்தது. ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் ஒரு எண் கூடும். ஜி.சி.சி. கம்பைலரும் 2008-இல் இதை ஏற்றுக் கொண்டது.

இரண்டும் சேரும் இடம்

சாட்சியும் பெயரும் கைகோர்க்கும் ஓர் அழகான இடம் உண்டு. புரோகிராம் உங்கள் வீட்டுக்கு வந்து ஓடும்போது பெட்டி காட்டுவதைவிட, கம்பைல் ஆகும்போதே தப்பைப் பிடித்தால் நல்லதல்லவா? சி மொழியில் அதற்கு நெடுங்காலம் நேர்வழி இல்லை. குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். நிபந்தனை உண்மையானால் அளவு 1, பொய்யானால் அளவு மைனஸ் 1 என்று ஒரு அடுக்கை அறிவிப்பது! மைனஸ் 1 அளவில் எதையும் வைக்க முடியாது என்று கம்பைலர் வேலையையே நிறுத்திவிடும். தப்பான புரோகிராம் பிறக்கவே பிறக்காது. 

ஆனால் இப்படி ஒரு சோதனை எழுதும்போது அதற்கு ஒரு பெயர் வேண்டும். பத்து சோதனைகள் இருந்தால் பத்துப் பெயர். அவை மோதக் கூடாது. பூஸ்ட் லைப்ரரியின் பழைய ‘ஸ்டாடிக் அசெர்ட்’ மேக்ரோ, வரி எண்ணை ஒட்டிப் பெயர் உண்டாக்கியது இதற்குத்தான். 2011-இல் வெளியான சி, சி பிளஸ் பிளஸ் தரங்கள் இரண்டிலும் இந்தச் சோதனை மொழிக்குள்ளேயே வந்துவிட்டது.

தமிழ் ஏன் கேள்விக்குறி ஆகிறது?

இது உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த விஷயம். இந்தப் புரோகிராமுக்கு முன்பு பெரியப்பா வேறொன்றை முயன்று பார்த்தார். அதில் தமிழில் எதை டைப் செய்தாலும் ‘??????’ என்று வந்தது. அதற்குப் பின்னாலும் ஒரு பெயர் மாற்றும் மேக்ரோ இருக்கிறது. 

விண்டோஸில் பெட்டி காட்டுவதற்கு ‘மெசேஜ்பாக்ஸ்’ என்று எழுதுவோம். உண்மையில் அந்தப் பெயரில் பங்ஷனே இல்லை. கடைசியில் ‘ஏ’ என்ற எழுத்துடன் ஒன்று, ‘டபிள்யூ’ என்ற எழுத்துடன் ஒன்று என இரண்டு இருக்கின்றன. முதலாவது பழைய எழுத்து முறைக்கு. இரண்டாவது யூனிகோடுக்கு. ‘யூனிகோட்’ என்ற சொல் வரையறுக்கப்பட்டிருந்தால் மேக்ரோ இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும், இல்லாவிட்டால் முதலாவதை. இதைப் போலவே, மேற்கோள் குறிக்குள் வரும் வாசகத்தின் முன்னால் ‘எல்’ என்ற எழுத்தை ## பசையால் ஒட்டி, அதை யூனிகோட் வாசகம் ஆக்கும் மேக்ரோவும் உண்டு. 

யூனிகோடில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. விண்டோஸின் பழைய முறையில் தமிழுக்கென்று எழுத்துப் பட்டியலே கொடுக்கவில்லை. ஆகவே ‘ஏ’ வழியில் போகும் புரோகிராமில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகள் ஆகிவிடுகின்றன. ஒரு புரோகிராம் தனக்கு மட்டும் பழைய வழியிலேயே யூனிகோடை அனுப்பும் வசதி 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் கிடைத்தது. அதையும் புரோகிராம் எழுதியவர்தான் கேட்டு வாங்க வேண்டும். எழுத்துரு மாற்றிப் பார்ப்பதாலோ, விண்டோஸை மறுபடி போடுவதாலோ இந்தக் கேள்விக்குறி போகாது. யூனிகோடுக்காக எழுதிய வேறு புரோகிராமைத் தேடுங்கள்.

உங்கள் திரையில் பெட்டி வந்தால்

1. பயப்பட வேண்டாம். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. புரோகிராம் எழுதியவரின் நம்பிக்கை ஒன்று பொய்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

2. எந்தப் பட்டனையும் அழுத்தும் முன் பெட்டியில் உள்ளதைக் குறித்துக் கொள்ளுங்கள். பைல் பெயர், லைன் நம்பர், எக்ஸ்பிரஷன் மூன்றும் முக்கியம். விண்டோஸில் அந்தப் பெட்டி மேலே இருக்கும்போது கன்ட்ரோல் கீயுடன் சி கீயை அழுத்தினால் அதில் உள்ள எழுத்துகள் காப்பி ஆகும். நோட்பேடைத் திறந்து பேஸ்ட் செய்யலாம். மொபைலில் போட்டோ எடுத்தாலும் போதும்.

3. அபார்ட்டை அழுத்துங்கள். சேவ் செய்யாத வேலை போய்விடுமே என்று இக்னோரை அழுத்தத்தான் வேண்டும் என்றால், உடனே ‘சேவ் ஆஸ்’ கொடுத்து வேறு பெயரில் சேவ் செய்து வெளியே வாருங்கள். பழைய பைலின் மேல் சேவ் செய்யவே கூடாது.

4. எந்த வேலை செய்தபோது வந்தது என்பதையும் சேர்த்து, புரோகிராம் வெளியிட்டவருக்கு எழுதுங்கள். ‘உங்கள் சாப்ட்வேர் வேலை செய்யவில்லை’ என்ற கடிதத்தைவிட, ‘214’ என்ற எண் அவருக்குப் பத்து மடங்கு உதவும்.

5. பேக்கப் எடுத்தால், மாதம் ஒருமுறையாவது அந்தப் பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ‘முடிந்தது’ என்ற வார்த்தையை நம்பாதீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது!

பெரியப்பாவின் நோட்டில் இருந்ததை அப்படியே டைப் செய்து அந்தப் புரோகிராமை எழுதியவருக்கு மெயில் அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. அவர் ஊரில் பேரனுக்குத் தாத்தாவின் முழுப்பெயரை வைப்பது வழக்கமில்லையாம். அடுத்த பதிப்பில் ஒவ்வொரு ஆளுக்கும் தனி எண் கொடுத்துவிட்டார். கவுண்டர் செய்யும் அதே வேலைதான். 

காணாமல் போன 61 பெயர்களைப் பெரியப்பா நான்கு நாள் மாலையில் உட்கார்ந்து திரும்ப டைப் செய்தார். இப்போது எங்கள் மரத்தில் மூன்று சுப்பையாக்கள் இருக்கிறார்கள். மூவருக்கும் மூன்று தகப்பனார்கள். போன வாரம் பெரியப்பாவிடம் இருந்து மறுபடி போன். வேறு ஏதோ புரோகிராமில் மறுபடியும் அதே மாதிரிப் பெட்டி.

"தம்பி, எதையும் அமுக்கலை. நோட்டும் பேனாவும் எடுத்துட்டேன். நீ சொல்லு."